கட்டைவிரலில் இறங்கிய ஊசி

என் மனைவியைக் குளவி கொட்டினால் மூச்சு முட்டிவிடும். காப்பிப் பழம் பறிக்கப் போகிறவள் என்பதால், டாக்டர் சொன்னபடி வெளிநாட்டிலிருந்து கொட்டியவுடன் தொடையில் அழுத்திக் குத்திக்கொள்ளும் ஓர் அட்ரினலின் ஊசிப் பேனா தருவித்தோம்.

அதைப் போடும் விதத்தை அவளோடு பறிக்கும் பெண்களுக்குக் காட்ட, வெள்ளக்கடை எஸ்டேட்டில் நான் வாத்தியார் வேஷம் கட்டினேன். எழுதுகிற பேனா என்ற நினைப்பில் தலைகீழாகப் பிடித்து, மேல் முனையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். ஊசி விரலுக்குள் இறங்கிவிட்டது! எல்லோரும் சிரித்தார்கள். விரல் சுண்ணாம்பாக வெளுத்துச் சில்லிட்டது, கிள்ளினாலும் உணர்வில்லை. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

சேலத்தில் டாக்டர், "மருந்து ரத்தக் குழாயைச் சுருக்கிருச்சுங்க" என்று மாற்று ஊசி போட்டார். சாயங்காலம் விரல் சிவந்து சுரீரென்றது. எனக்கு உயிர் வந்தது.

மனைவிதான் கேட்டாள்: "ஏனுங்க, இருந்த ஒரே பேனாவும் போச்சு. நாளைக்குக் குளவி கொட்டுனா, உங்க விரலையா எடுத்துக் குத்திக்குவேன்?"

புதுப் பேனா வரும்வரை பயந்து வீட்டிலேயே அடைந்து கிடந்தாள். ஜன்னலில் குளவி முட்டினால்கூட ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன். என் கோமாளித்தனத்தை அப்போதுதான் வெறுத்தேன்.

இப்போது இரண்டு பேனா வைத்திருக்கிறோம். காட்டிப் பழக ஊசியில்லாத பேனா தனியாக உண்டு. அதையும் அவள்தான் பிடிக்கிறாள். நான் தொடையை மட்டும் நீட்டுகிறேன்.