நடுரோட்டில் இறக்கிய பெட்டி

நாங்கள் கோலார் தங்கவயல் ஆட்கள். அங்கே சுரங்கத்தில் ஒருவன் செத்தால், கூட வேலை செய்தவர்கள் ஆள் மாற்றாமல், வழியில் கீழே வைக்காமல் வீடுவரை தூக்கி வருவார்கள். பெங்களூருக்கு வந்து லிங்கராஜபுரத்தில் குடியேறிய பிறகும் என் மனைவி வீட்டார் அதை விடவில்லை. வீட்டில் சாவு என்றால் மகன்களும் மருமகன்களும்தான் பெட்டியைச் சுமக்க வேண்டும். மாதா கோயில் வாசல்வரை தோள் மாற்றக் கூடாது. மூத்த மருமகனுக்கு முன்பக்கம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் மாமனார் இறந்தார். மூத்த மருமகன் நான். அப்போது சர்க்கரை வியாதிக்குப் புதிதாக வந்திருந்த ஒரு மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஊசி என்றால் அதைக் கொதிக்க வைப்பதிலேயே அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும். மாத்திரையைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடலாம். வியாதி என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். கொஞ்ச நாளாகவே தொடை இரண்டும் கனத்தன. பட்டறையில் சுத்தியல் தூக்கினால் கை சோர்ந்தது. சோம்பேறி ஆகிவிட்டாய் என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன்.

பெட்டியோடு போகும்போது ரோடு மேடேறுகிற இடத்தில் கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. பல்லைக் கடித்துப் பார்த்தேன். முழங்கால் மடங்கியது. "இறக்குங்க" என்றேன். மாமனாரை நடுரோட்டில் இறக்கினார்கள். மச்சான், என் மனைவியின் தம்பி, கோபத்தோடு என்னை முறைத்தான். என் இடத்துக்கு வேறு ஒருவர் வந்தார். பின்னாலிருந்து யாரோ, "காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டான்" என்றார்கள். வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டதில்லை நான். ஆனாலும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பெண்களோடு பின்னால் நடந்தேன். அந்த வெட்கத்தில் செத்துப்போயிருக்கலாம் என்று தோன்றியது.

மறுநாள் பிரேசர் டவுனில் என் டாக்டரிடம் போய்க் கொட்டித் தீர்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தசைக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு கண்ணுக்குத் தெரியாத அடுப்புங்க இருக்கு. சர்க்கரையைக் காத்தோட சேத்து எரிச்சு பலம் குடுக்கறது அதுங்கதான். இந்த மாத்திரை அந்த அடுப்பை அமுக்கிடுது. சர்க்கரை பாதியில நின்னு அமிலமா தங்கிடுது. உங்க மேல தப்பில்ல."

காற்றுப் போகாமல் விளக்கு அணைகிற சுரங்கத்தில் வேலை பார்த்தவனுக்கு இதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசிக்கு மாறச் சொன்னார். எனக்கு அந்த ஊசிகூடப் பெரிதாகத் தெரியவில்லை. சோம்பேறியும் இல்லை, குடிகாரனும் இல்லை என்று மச்சானிடம் சொல்ல வாயில் வார்த்தையோடு வீட்டுக்கு ஓடினேன்.

மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். உள்ளே எங்கள் இரண்டு பெண்களும் படித்துக்கொண்டிருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. குடிகாரன் பொண்ண கட்டிக்குவாங்க. சக்கர வியாதிக்காரன் பொண்ண எவன் கட்டுவான்?"

மச்சானிடம் நான் போகவில்லை. ஊசியை அவள் விடியற்காலையில், தெரு எழுமுன் கொதிக்க வைத்தாள். கால்களுக்குத் தெம்பு திரும்பியது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து சாப்பாடு நடந்தபோது, மச்சான் என்னைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனான். நல்லவன். அன்றைக்குக் கோபப்பட்டதற்கு வருத்தப்பட்டான். ஒரு டம்ளரில் சாராயம் ஊற்றி என் கையில் கொடுத்தான்.

"குடிங்க மாமா. நமக்குள்ள என்ன."

மற்ற மருமகன்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்கி ஒரே மடக்கில் குடித்தேன். தொண்டை எரிந்தது. பழக்கமில்லாதவன்போல இருமிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலையெல்லாம்.