தையல்காரர் பெண்டாட்டியின் டர்போ வண்டி

“டர்போ போச்சு, டர்போ போச்சுன்னு ஒப்பாரி வைக்காதீங்க அண்ணே. முதல்ல பொணத்தைக் காட்டுங்க, அப்புறம் சேர்ந்து அழுவோம்!”

என் தங்கை இப்படிக் கத்தியதில் பட்டறைக்காரர் கையில் இருந்த ஸ்பானர் கீழே விழுந்தது. சனிக்கிழமை மதியம். பட்டறை வாசலில் அவள் வண்டி பானெட்டைத் திறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஒரு பக்கம் அவள், மறுபக்கம் பட்டறைக்காரர், நடுவில் இரண்டு பேருக்கும் நல்லவராக இருக்கப் பார்க்கும் அவள் புருஷன். அவர் தையல்காரர். துணியில் கத்தரி வைக்கும்போது இருக்கிற துணிச்சல் அவருக்குப் பேச்சில் கிடையாது.

“கம்ப்யூட்டர் போட்டே பாத்துட்டேன்மா. காத்து அழுத்தம் கம்மின்னு காட்டுது” என்றார் பட்டறைக்காரர்.

“அழுத்தம் கம்மின்னு சொல்லுச்சா, டர்போ செத்துச்சுன்னு சொல்லுச்சா?”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“உங்க வீட்டுக் குழாய்ல தண்ணி வரலைன்னா மோட்டாரைத் தூக்கிப் போட்டுடுவீங்களா? நடுவுல எங்கயாவது ஒழுகுதான்னு பாக்க மாட்டீங்க?”

அவர் குனிந்து ஸ்பானரைத் தேடினார். புது டர்போவின் விலை, அந்த வண்டி விலையில் பாதி. அதைக் கேட்டதுமே தையல்காரர் தைரியத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்.

“நாளைக்குப் பதினோரு மணிக்கு ஒருத்தரை வரச் சொல்லியிருக்கேன்மா” என்றார் மெதுவாக. “கெடைச்ச விலைக்குத் தள்ளிவிட்டுடலாம்.”

தங்கை அவரைப் பார்த்தாள். கத்தவில்லை. அவள் கத்தாமல் இருந்தால்தான் நாம் பயப்பட வேண்டும்.

அவளைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். சமையல் வராது. அவள் கொதிக்க வைத்த வெந்நீர்கூட அடிபிடிக்கும். பொறுமை என்பது அவள் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் பதினெட்டு வயதில் டயர் கடையில் பஞ்சர் ஒட்டப் போனவள், ஆறு வருஷம் ஆம்பிளைகளுக்குச் சமமாகச் சக்கரம் கழற்றினாள். பக்கத்துக் கடையில் தைத்துக்கொண்டிருந்தவர் இவளைப் பார்த்துப் பார்த்து மூன்று சட்டையைக் கை மாற்றித் தைத்துக் கெடுத்தார். கல்யாணம் ஆனது. அதன்பிறகு பதினோரு வருஷம் ஊரார் வண்டியை ஓட்டினாள். முதலாளி இரண்டு நிமிஷம் தாமதம் என்றால் திட்டுவான், இவளும் திருப்பித் திட்டுவாள், வேலை போகும். அப்படி ஒன்பது முதலாளி. போன வருஷம்தான் மூன்றாங்கை டீசல் கார் ஒன்றைத் தன் பேரில் வாங்கினாள். அதை விற்றால் அடுத்த வாரம் பத்தாவது முதலாளி வாசலில் போய் நிற்க வேண்டும். அவளுக்கு அந்த ஒரு பயம்தான். வேறு எதற்கும் அவள் பயந்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் என்னையும் தன் புருஷனையும் வண்டியில் ஏற்றினாள். “அக்கா, நீ பின்னால உக்காரு. ரெண்டு கண்ணாடியையும் இறக்கு. வாயை மட்டும் மூடிக்க.”

“மத்தவங்க வாயைப் பத்தி நீ பேசறியாடி?”

“மாமா, நீங்க பின்னால திரும்பிப் புகையைப் பாருங்க.”

டர்போ என்பது எஞ்சினுக்குக் காற்றை அமுக்கி ஊட்டுகிற விசிறி. ஊட்டுகிற காற்று நடுவழியில் கசிந்தால் எஞ்சின் டீசலை மட்டும் குடித்துவிட்டு மூச்சு வாங்கும். அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். எனக்கு இது போதும்.

சமதரையில் வண்டி சமர்த்தாகப் போனது. பழைய பாலத்தைத் தாண்டியதும் ஏற்றம். அவள் காலை அழுத்தினாள். முன்பக்கத்திலிருந்து ‘உஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். மாமியார் பாராட்டுக்கு மருமகள் விடுகிற பெருமூச்சு மாதிரி. வண்டி நகர மாட்டேன் என்றது.

“புகை எப்படி இருக்கு மாமா?”

“கறுப்பா வருதும்மா. பின்னால வர்றவர் நம்ம வம்சத்தையே வாழ்த்துறார்.”

காய்கறிக் கூடைகளோடு ஒரு ஸ்கூட்டர் எங்களைத் தாண்டிப் போனது. ஓட்டியவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். தங்கை காலை எடுத்தாள், சத்தம் நின்றது. அழுத்தினாள், சத்தம் வந்தது. நான்கு தரம் இப்படிச் செய்துவிட்டு ஸ்டியரிங்கில் ஓங்கித் தட்டினாள். முகம் பூவாக மலர்ந்துவிட்டது.

“கேட்டியாக்கா? சும்மா நிக்கறப்ப சத்தமே இல்ல. பாரம் ஏத்தினாத்தான் சீறுது. பட்டறையில நிக்க வச்சே பாத்தா எப்படித் தெரியும்? இது பஞ்சர் அக்கா, வெறும் பஞ்சர்!”

“பஞ்சர்னா சக்கரம்ல இறங்கணும்?”

“காத்து போற இடமெல்லாம் பஞ்சர்தான்.”

ஞாயிறு காலை எட்டு மணிக்கே வாசலில் வேலை ஆரம்பித்தது. முதலில் ஒரு குழாயைக் கழற்றி, டர்போவின் விசிறியை விரலால் ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை, உரசவில்லை. “கல்லு மாதிரி இருக்கு. இதைப் போய்ச் செத்துப்போச்சுன்னு சொன்னாரே மனுஷன்” என்றாள். பிறகு டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகிற வழியின் இரண்டு முனையையும் பிளாஸ்டிக் பாட்டில் செருகி அடைத்தாள். ஒரு பாட்டிலில் சைக்கிள் டியூபின் வால்வைப் பொருத்தியிருந்தாள். அதில் கால் பம்பை மாட்டினாள்.

“மாமா, மிதிங்க.”

முப்பது வருஷம் தையல் மெஷினை மிதித்த கால். நிற்காமல், ஏறாமல் குறையாமல், ஒரே தாளத்தில் மிதித்தார். நான் பக்கெட்டில் சோப்பைக் கரைத்தேன். அவள் பழைய பெயின்ட் பிரஷை அதில் தோய்த்து ஒவ்வொரு மூட்டிலும் தடவினாள். முதல் மூட்டு, ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. காற்றைக் குளிரவைக்கும் பெட்டியின் ஓரம், ஒன்றுமில்லை. ஒன்பதரை ஆகிவிட்டது. தையல்காரருக்கு வேர்த்தது. அவள் முகத்தில் பூ வாட ஆரம்பித்தது.

கடைசியாக எஞ்சினுக்குப் போகிற தடித்த ரப்பர் குழாய். அதன்மேல் கறுப்பு ரெக்சினில் இறுக்கமாக ஒரு உறை. அதில் பிரஷை ஓட்டினாள்.

கிளம்பியது பாருங்கள்! ஒன்று இரண்டல்ல. அளவெடுத்து வைத்ததுபோல, ஒரே நேர்க்கோட்டில், ஒரே இடைவெளியில் இருபது முப்பது குமிழி. எல்லாம் ஊசி போன துளை. பக்கத்திலேயே இன்னொரு வரிசை.

“ரெட்டைத் தையல்” என்றேன் நான்.

பம்ப் நின்றது.

தங்கை மெதுவாகத் திரும்பினாள். “மாமா. இந்த உறை யார் போட்டது?”

“அது… மூணு மாசம் முன்னாடி வண்டி கழுவினேன்ல. அந்தக் குழாய்ல எண்ணெய் கசிஞ்சு சட்டைக் கையெல்லாம் கறை. அசிங்கமா இருந்துச்சு. அதான் அளவெடுத்து…”

“எண்ணெய் கசிஞ்சா எங்கிட்ட சொல்லாம, சட்டை தச்சுப் போட்டீங்களா?”

“நல்ல ரெக்சின்மா. பிசிறு தெரியாம உள்பக்கம் மடிச்சுத் தச்சேன்.”

அந்த நல்ல தையல்தான் குடியைக் கெடுத்தது. பட்டறைக்காரர் அதைக் கம்பெனியே போட்டது என்று நினைத்தார். தங்கை அதைப் பட்டறைக்காரர் போட்டது என்று நினைத்தாள். பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அவள் பிளேடால் தையலைப் பிரித்தாள். குழாயின் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். சும்மா இருக்கும்போது உதடு மாதிரி மூடிக்கொள்கிறது, காற்று அழுத்தும்போது திறக்கிறது.

திட்டப்போகிறாள் என்று நான் காதைத் தயாராக வைத்திருந்தேன். அவளோ தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “ஊருக்கெல்லாம் கிழிசல் தைக்கிறவர், எனக்கு மட்டும் கிழிசலைத் தச்சு மறைச்சிருக்கார் அக்கா!”

“மாப்பிள்ளை, நிக்காதீங்க. பழைய குழாயைக் கையில எடுத்துக்கிட்டு உதிரிபாகக் கடைக்கு ஓடுங்க” என்றேன். சைக்கிளில் அவர் அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததே இல்லை.

பதினொன்றுக்கு வண்டியை வாங்குகிறவர் வந்தார். முகத்தில் ஏற்கெனவே பாதி விலை எழுதியிருந்தது. தங்கை அப்போதுதான் புதுக் குழாயை இறுக்கிப் பிடிக்கும் கடைசி கிளாம்ப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“டர்போ போன வண்டிதானே?” என்றார்.

“ஏறி உக்காருங்க, போயிடுச்சா இருக்கான்னு நீங்களே சொல்லுங்க.”

நானும் தையல்காரரும் பின்னால் ஏறிக்கொண்டோம். பாலம் தாண்டி ஏற்றம் வந்தது. அவள் அழுத்தினாள். சீறல் இல்லை, புகை இல்லை. முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. நான் “அடியே!” என்று கத்தினேன். அது பயத்தில் வந்ததா சந்தோஷத்தில் வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. மேட்டுக்கு மேலே போய் நிறுத்தினாள். கீழே ஊரே தெரிந்தது.

வாங்க வந்தவர் மூச்சு வாங்கினார். “சொன்ன விலைக்கு மேல கொஞ்சம் போட்டுத் தர்றேன்மா.”

“விக்கறதுக்கு இல்லைங்க.”

“அப்ப என்னை எதுக்கு ஏத்தினே?”

“பாரம் வேணும்ல? எங்க அக்கா ஒருத்தி பத்தாது.”

அந்த ஆளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பிறகு தையல்காரர் பக்கம் திரும்பி, “அப்படி என்னத்தைங்க மாத்தினீங்க?” என்று கேட்டார்.

“ஒரு ரப்பர் குழாய்.”

“எவ்வளவு ஆச்சு?”

தையல்காரர் எனக்குத் தெரிந்து முதல் தடவையாக நெஞ்சை நிமிர்த்திச் சத்தமாகப் பேசினார்: “கிளாம்ப் ரெண்டும் சேத்து, முழுக்கைச் சட்டை ஒண்ணு தைக்கிற கூலி.”