பட்டது என்று எழுதிய பலாமரம்

பேய், பிசாசு, மரத்தில் சாமி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். நீங்களும் எழுந்து போங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

அறுபதுகளின் ஆரம்பம். குற்றாலத்து மலைச்சரிவில் பச்சை மரத்தை வெட்டக் கமிட்டி அனுமதி வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார்கள். பட்ட மரத்துக்கு அதெல்லாம் வேண்டாம், என்னைப் போல ஒரு குமாஸ்தா போய்ப் பார்த்து 'பட்டது' என்று எழுதினால் போதும். சட்டம் போட்டவன் மூளை அவ்வளவுதான். ஐந்தருவிக்கு மேலே என் மச்சினன் சீசன் பங்களா கட்டினான், வாசலை மறித்துக்கொண்டு ஒரு பலாமரம், அடியிலிருந்தே காய். அதன் நிழலில் உட்கார்ந்து 'பட்டது' என்று எழுதி, சத்தமாக வாசித்தும் காட்டினேன்.

வெட்ட வந்த சுடலை கோடரியைக் கீழே வைத்துவிட்டான்.

"ஐயா, பச்சை மரத்தைப் போயி பட்டதுன்னு எழுதுதிய. அது கேட்டுக்கிட்டுல்லா நிக்கி. வெட்டச் சொன்னா வெட்டுதேன், அந்த எழுத்தை மட்டும் அழிச்சிருங்க."

"ஏலே, உன் மரம் எத்தனாங் கிளாஸ் படிச்சிருக்கு?" என்றேன். வேறு வழியில்லாமல் வெட்டினான். வெட்ட வெட்டப் பால் கொட்டியது, என் வேட்டியெல்லாம் பிசின்.

மறுநாள் காலையிலேயே மேலதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். எவனோ மொட்டைப் பெட்டிஷன் போட்டிருக்கிறான். பச்சை அடிமரத்தை அவர் பார்த்தால் என் வேலை போய்விடும், மூன்று பெண்களோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். சட்டத்தைக் கேலி பண்ணின வாயால் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே அவர் பின்னால் ஏறினேன்.

அடிமரத்தை அவர் பூட்ஸ் காலால் உதைத்தார், பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே கரையான் புற்று. கிடந்த மரத்தில் ஓர் இலை இல்லை, ஒரு காய் இல்லை.

"இது பட்டுப் பத்து வருஷமாவது இருக்கும்வே. சரியாத்தான் எழுதியிருக்கீரு" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். சுடலை தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். முந்தின நாள் பிசின் இன்னும் போகவில்லை.

இப்போது எனக்குப் பென்ஷன். உயிரோடு இருக்கிறேன் என்று வருஷத்துக்கு ஒரு தடவை தென்காசி ஆபீசில் போய் நானே எழுதிக் கொடுக்க வேண்டுமாம், இதுவும் ஒரு கோட்டிக்காரச் சட்டம். போன தடவை எழுதி நீட்டினேன், அங்கிருந்த குமாஸ்தா சிரித்தான்.

"என்ன அண்ணாச்சி எழுதியிருக்கிய?"

வாங்கிப் பார்த்தேன். என் பெயருக்கு நேரே 'பட்டது' என்று இருந்தது, என் கையெழுத்துதான். வேறு தாள் தந்தான், ஒழுங்காக எழுதிக் கொடுத்தேன். பழைய தாளைக் கிழித்துப் போட்டானா, கட்டோடு சேர்த்து மேலே அனுப்பிவிட்டானா என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.