புரட்டாசியில் ஒரு கரண்டி முட்டை

பிள்ளைகளா, நீங்கள் இரண்டு பேரும் இப்போது தட்டை வழித்துச் சாப்பிடுகிறீர்கள். அப்போது எப்படி இருந்தது என்று சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

சின்னவனே, அப்போது உனக்கு ஒன்றரை வயது. மோர்ச்சோறு தவிர எதை ஊட்டினாலும் நாக்காலேயே வெளியே தள்ளிவிடுவாய். அங்கன்வாடி டீச்சர் எடை பார்த்துவிட்டு, "போன மாசம் இருந்த எடையேதாங்க இருக்கு. காய், கீரை, முட்டைன்னு ஏதாவது உள்ள போகணும்" என்றார். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன் நான். அன்றைக்கு வண்டி ஓட்டிய வழியெல்லாம் உன் நினைப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முட்டையோடு வந்தேன். உங்கள் அம்மா வாசலிலேயே மறித்தாள்.

"ஏங்க, புரட்டாசிங்க இது."

சுத்தமாக மறந்துபோயிருந்தேன். பெருமாளுக்குப் படைக்கிற வீடு. மாசம் முழுக்க முட்டை படியேறாது.

"புள்ளைக்குமா?"

"புள்ளைக்குக் குடுங்க, சாமி ஒண்ணும் சொல்லாது. ஆனா என் அடுப்புலயும் கூடாது, என் சட்டியிலயும் கூடாது."

"அப்ப உள்ளங்கையில வச்சா வேக வைக்கிறது?"

அவள் உள்ளே போய், பிடி ஆடுகிற பழைய இரும்புக் குழிக்கரண்டி ஒன்றை எடுத்து வந்து நீட்டினாள். "இது இனிமே வூட்டுக்குள்ள வராது. கொல்லைக்குப் போங்க."

மூன்று கல் கூட்டிச் சுள்ளியை மூட்டினேன். முதல் கரண்டியில் எனக்குத் தெரிந்தபடி வெங்காயம், பச்சைமிளகாய், மிளகுத்தூள் எல்லாம் போட்டேன். வாயில் வைத்ததுமே நீ அலறி, என் சட்டையிலேயே துப்பினாய்.

கொல்லை வாசற்படியில் நின்றிருந்தவள் சிரித்தாள். "பரோட்டாக் கடையா வைக்கிறீங்க? அவனுக்கு முளைச்சதே நாலஞ்சு பல்லு."

கேரட்டை அவள் உள்ளே வேகவைத்து மசித்தாள். முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கினாள். கிண்ணத்தைப் படிக்கு வெளியே வைத்துவிட்டு, "முட்டைக் கையோட என்னைத் தொட்டுடாதீங்க, நான் கையை எடுத்துக்கிறேன்" என்றாள். இரண்டையும் முட்டையில் அடித்து, ஒரு சிட்டிகை உப்பும் துளி நெய்யும் விட்டுக் கரண்டியைத் தணலில் பிடித்தேன். புசுபுசுவென்று எழும்பியது. திருப்பிப் போட்டதும் குட்டி இட்லி மாதிரி உருண்டையாக வந்து விழுந்தது.

பெரியவளே, அதை ஊதி ஊதி ஆற்றினது நீதான். "ஊட்டாதப்பா, கையில குடு. பந்துன்னு நெனச்சுக்குவான்" என்றாய்.

கொடுத்தேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓரத்தைக் கடித்தான். மூன்று பேரும் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"முழுங்கிட்டாம்ப்பா" என்றாய் நீ, ரகசியம் சொல்கிற மாதிரி.

"தா" என்று கையை நீட்டினான் அவன்.

"இன்னொண்ணு ஊத்துங்க, சீக்கிரம்." பதற்றத்தில் உங்கள் அம்மாவின் ஒரு கால் கொல்லைக்குள் வந்துவிட்டது. பார்த்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். எனக்கும் அவசரம். அடுத்த முட்டையை ஓட்டோடு சேர்த்தே உடைத்து ஊற்றிவிட்டு, ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கினேன். அதையும் பாதிக்கு மேல் தின்றான்.

உங்கள் அம்மா உங்கள் இரண்டு பேரையும் குளிப்பாட்டி உள்ளே அழைத்துப் போனாள். நான் தணலை அணைக்க நின்றேன். மிச்சத் துண்டு கல்மேல் கிடந்தது. அதன் ஓரத்தில் சின்னச் சின்னப் பல் தடம். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தேன். வாயில் போட்டுக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் எனக்கும் புரட்டாசிதானே. மதில்மேல் வைத்துவிட்டு, "கா, கா" என்று கூப்பிட்டேன்.