பீரங்கிக்குப் பொட்டு வைத்த அம்மா

சந்தன வாசனையோடு மெஷின் எண்ணெய் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறினால்தான் எனக்கு அது ஆயுத பூஜை. கோவில் சந்தனமோ கல்யாண வீட்டுச் சந்தனமோ எவ்வளவு மணத்தாலும் என் மூக்கு அதற்கு இரண்டாவது இடம்தான் கொடுக்கும். நாங்கள் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்த காலத்தில் அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். வருஷம் முழுவதும் வெளியாள் ஒருவரையும் அண்டவிடாத அந்தப் பட்டறையின் பெரிய கேட்டை ஆயுத பூஜையன்று மட்டும் திறந்துவைத்து, வேலை செய்கிறவர்களின் வீட்டாரை உள்ளே விடுவார்கள். வாழைக்கன்று கட்டிய கடைசல் மெஷின்களுக்கு நடுவே, கையில் பொரிகடலைப் பொட்டலத்தோடு, பட்டுப்பாவாடையில் எண்ணெய்க்கறை படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் நடந்த நடையைப் பார்த்தவர்கள், பட்டறையே என் பெயரில்தான் இருக்கிறதென்று நினைத்திருப்பார்கள்.

அம்மாவின் கதை வேறு. இரும்பு என்று எதைக் கண்டாலும் அன்றைக்கு அவள் கை சும்மா இருக்காது. விடிவதற்குள் அரிவாள்மணை, கிணற்று ராட்டினம், அப்பாவின் சைக்கிள், திறக்காத பூட்டு, மடங்காத குடை என்று வீட்டிலுள்ள அத்தனைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து முடித்துவிடுவாள். மீதியைச் சின்னக் கிண்ணத்திலும் டப்பாவிலும் அடைத்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, வழியில் தென்படுகிற இரும்புக்கெல்லாம் வைத்துக்கொண்டே வருவாள். பக்கத்து வீட்டு அத்தை என்னைச் சீண்டுவாள்: "ஸ்டேஷன்ல ஒரு எஞ்சின் நின்னா போதும் பாப்பா, உங்கம்மா அதுக்கும் வச்சுடுவாங்க." கேலிக்குச் சொன்னதுதான், ஆனால் ஒரு வருஷம் அதுவும் நடந்தது. எஞ்சின் டிரைவர் கீழே இறங்கிக் கைகூப்பி நின்றதை நானே பார்த்தேன்.

நான் சொல்ல வந்த வருஷத்தில் இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. மண்ணெண்ணெய்க்கு வரிசை, சர்க்கரைக்கு வரிசை. ஜங்ஷன் பக்கம் போனால் ராணுவ லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதி கிளப்பிக்கொண்டு போகும். என் அண்ணன் சீனு அப்பாவின் பட்டறையிலேயே தொழில் பழகிக்கொண்டிருந்தான். மீசை சரியாக அரும்பாத வயசு. "அரத்தைப் பிடிச்சு ராவி ராவிக் கையெல்லாம் காய்ச்சுப்போச்சு, நான் பட்டாளத்துல சேரப் போறேன்" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான். அதிலும் பீரங்கிப் படையில்தான் சேருவானாம். அப்பா ரசத்தைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "உங்கம்மா சரின்னா போ. அவ வேண்டாம்னா எங்கிட்ட வந்து நிக்காதே."

அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "யோசிக்கிறேன்" என்றாள். அவள் யோசிக்கிறேன் என்று சொன்னால் அதற்குக் கெடு கிடையாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். அம்மா பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். அவள் தூங்காமல் புரள்கிறாள் என்று அவளருகில் படுத்திருந்த எனக்கு மட்டும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் கோட்டை ஸ்டேஷன் பக்கத்து மைதானத்தில் யுத்தக் கண்காட்சி வந்தது. ஊர் வாயில் அது "எக்ஸிபிஷன்". பீரங்கி, உடைந்த ஆகாய விமானம், ஒயர்லெஸ் பெட்டி எல்லாவற்றையும் ஊர் ஊராகக் கொண்டுபோய் ஜனங்களுக்குக் காட்டி, கடைசிக் கூடாரத்தில் ஒரு மேஜை போட்டு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்கு ஒரு யோசனை உதித்தது. பீரங்கியின் பவிசை அம்மா ஒருதரம் நேரில் பார்த்துவிட்டால் போதும், அசந்துபோய்ச் சரியென்று சொல்லிவிடுவாள், அப்படியே அந்த மேஜையில் பெயரைக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். ஆயுத பூஜையன்று பட்டறையில் பூஜை முடிந்ததும் நாங்கள் நால்வரும் ஜட்கா பிடித்து நேரே மைதானத்துக்குப் போனோம்.

மைதானத்தில் பாதித் திருச்சி கூடியிருந்தது. நன்னாரி சர்பத்காரன், சுண்டல்காரன், பலூன்காரன் எல்லோரும் தேர்த்திருவிழா என்றே முடிவு செய்துவிட்டார்கள். முதல் கூடாரத்தில் ஒரு பாராசூட்டை விரித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். வெள்ளைத் துப்பட்டி போர்த்திய பெண்கள் சிலர் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அவர்களில் இளையவள் மூத்தவளிடம், "இந்தத் துணி ஒரு கல்யாணத்துக்கே காணும் போலிருக்கே மாமி" என்றாள். பக்கத்தில் நின்ற எங்கள் அம்மாவும் யாரும் கேட்காமலே, "ஜாக்கெட் தைச்சா ஊருக்கே தைக்கலாம்" என்று கலந்துகொண்டாள். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, பீரங்கி அந்தப் பக்கம்" என்று அவசரப்படுத்தினான். அங்கிருந்த ஆயுதங்களையெல்லாம் அவனே செய்து கொடுத்த மாதிரி எங்களுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான்.

பீரங்கி பெரிதாகத்தான் இருந்தது, மறுக்க முடியாது. மணல் நிறத்தில், என் உயரத்துக்குச் சக்கரங்களோடு, மலைக்கோட்டையைக் குறிபார்ப்பது போல மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. அதன் பக்கத்தில் ஒரு தமிழ் ஹவில்தார் கையில் பிரம்போடு, அது எவ்வளவு தூரம் சுடும், எவ்வளவு கனம் என்று பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார். அண்ணன் வாயைப் பிளந்து கேட்டான். அம்மா கேட்கவே இல்லை. மஞ்சள் பையைத் திறந்தாள், கிண்ணத்தை எடுத்தாள், சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கடியில் குனிந்து உள்ளே போனாள். நாங்கள் என்ன ஏது என்று உணர்வதற்குள் பீரங்கியின் குழாயில் பளிச்சென்று சந்தனமும் அதன் நடுவில் குங்குமமும் ஏறிவிட்டன.

ஹவில்தார் ஒப்பிப்பதை நிறுத்தினார். ஆனால் அதட்டுவதற்கு அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. அன்றைக்கு ஆயுத பூஜை என்பது அங்கிருந்த பெண்களுக்கெல்லாம் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்துவிட்டது. "இங்க கொஞ்சம் குங்குமம் குடுங்கக்கா" என்று ஒருத்தி கை நீட்டினாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. சக்கரத்துக்கு ஒருத்தி, தகட்டுக்கு ஒருத்தி என்று பிரித்துக்கொண்டு பொட்டு வைத்தார்கள். பூக்காரி தலையில் இருந்த கூடையை இறக்கி ஒரு முழம் சாமந்தியைக் குழாயில் சுற்றிவிட்டாள். தள்ளி நின்ற சிப்பாய்கள் சிரித்தார்கள். அம்மா கண்ணை மூடி, பட்டறை மெஷின் முன்னால் நிற்பது போலவே பக்தியாக நின்றாள்.

அவள் கண்ணைத் திறந்ததும் ஹவில்தார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அம்மா, கோவிச்சுக்காதீங்க. இது நம்ம பீரங்கி இல்லீங்க. எதிரிகிட்டேர்ந்து பிடிச்சுட்டு வந்தது. நம்மளது அதோ, அந்தக் கோடியில இருக்கு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அப்பாவே மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. போட்ட கணக்கெல்லாம் மண்ணாய்ப் போச்சு என்று நினைத்திருப்பான். எனக்கே ஒரு நிமிஷம் வெட்கமாக இருந்தது. அம்மாவுக்கு மட்டும் ஒன்றுமில்லை. "இருக்கட்டுமே. இரும்புதானே" என்றாள். பிறகு, கடைக்காரரிடம் விலை விசாரிக்கிற குரலில், "இதை ஓட்டினவங்கல்லாம் எங்க?" என்று கேட்டாள்.

ஹவில்தாருக்கு அது பாடத்தில் இல்லாத கேள்வி. பிரம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "அது தெரியாதும்மா. எங்ககிட்ட பீரங்கி மட்டும்தான் வந்தது" என்றார்.

"எங்க உக்காருவாங்க?"

அவர் பிரம்பால் காட்டினார். முன்பக்கத் தகட்டுக்குப் பின்னால், சைக்கிள் சீட்டை விடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு இரும்பு இருக்கை இருந்தது. அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். யார் அனுமதியும் கேட்கவில்லை. சக்கரத்தில் கால் வைத்து ஏறி அந்த இருக்கையில் உட்கார்ந்தே விட்டாள். பாதித் திருச்சி பார்த்துக்கொண்டிருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. கடைத்தெருவில் அப்பாவோடு சேர்ந்து நடக்கக்கூடக் கூச்சப்படுகிறவள் எங்கள் அம்மா. அவளா இது என்று எனக்குத் திகைப்பாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் பெருமைதான்.

"எதிர்ல ஒண்ணும் தெரியலையே" என்றாள் அங்கிருந்து.

"தெரிய வேண்டாம்மா. தூரத்துலேர்ந்து ஒருத்தர் சொல்லுவாரு. அவரு சொன்ன அளவுக்குத் திருப்பினா போதும்."

"எதிர்ல இருக்கறவனுக்கு இவனைத் தெரியுமா?"

"அவனுக்கும் தெரியாதும்மா. அங்கயும் அப்படித்தான்."

அம்மா இருக்கையை விட்டு இறங்கவில்லை. அதற்குள் அப்பா, தொழில் புத்தி விடுமா, பீரங்கியைச் சுற்றிவந்து அதன் அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த இடத்துல உடைஞ்சிருக்கு. ஒட்டுப் போட்டிருக்கான். சுத்தமான வேலை" என்று தமக்குத் தாமே பேசிக்கொண்டார். அம்மா அதைக் காதில் வாங்கினாள். உடனே ஹவில்தாரிடம், யுத்தத்தில் ரிப்பேர் பார்க்கிறவர்கள் எங்கே இருப்பார்கள் என்று கேட்டாள். அவர்கள் பின்னால் தள்ளி, தனியாகப் பட்டறை போட்டுக்கொண்டு இருப்பார்கள் என்றும், தொழில் தெரிந்த ஃபிட்டர் கிடைத்தால் பட்டாளம் கையோடு அழைத்துப் போகும் என்றும் அவர் சொன்னார்.

அம்மா கீழே இறங்கிப் புடவையைத் தட்டிக்கொண்டாள். எல்லோர் முன்னிலையிலும் அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்: "சீனு, உக்காந்து பார்த்துட்டேன். இதுல உக்கார உன்னை அனுப்ப மாட்டேன். ரிப்பேர் பண்ற இடத்துக்குன்னா போ. சந்தோஷமா அனுப்பறேன்."

"பட்டறை வேண்டாம்னுதாம்மா பட்டாளத்துக்கே போறேன். அங்கயும் போய் அரம் பிடிக்கச் சொல்றியா?" அண்ணனுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அப்ப இங்கயே பிடி" என்றாள் அம்மா. சர்பத் வாங்கிக் கொடுத்தாள், மூன்று பேரும் குடித்தோம், அண்ணன் குடிக்கவில்லை. அந்த மாசமெல்லாம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் அவள் சொன்னபடியே ஃபிட்டராகப் பெயர் கொடுத்துக் கப்பல் ஏறினான். யுத்தம் முடிந்து, கறுத்து இளைத்து, கைகால் பழுதில்லாமல் வந்து சேர்ந்தான். அவன் இல்லாத காலம் முழுவதும் அம்மா காவிரிக்குப் போகும்போதும் வரும்போதும் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னது ஒன்றுதான்: "எம் பையன் சண்டை போடலை. பின்னாடி உக்காந்து ரிப்பேர் பண்றான். நான் பார்த்து அனுப்பின இடம்."

போன வருஷம் நானும் அண்ணனும் யாத்திரைக் கோஷ்டியோடு வடநாடு போயிருந்தோம். கங்கையில் முழுக்குப் போட்டுத் திரும்பும் வழியில், பஸ்காரர் ஒரு ராணுவ அருங்காட்சியகத்தின் வாசலில் நிறுத்தி, பார்க்கிறவர்கள் பார்க்கலாம் என்றார். பாதிப் பேர் பஸ்ஸிலேயே தூங்கினார்கள். உள்ளே எல்லாம் வெகு சுத்தம். சித்திரம் போல வர்ணம் பூசிய பீரங்கிகள் கண்ணாடி போல மின்னிய தரையில் நின்றன. பலகையில் கனம், நீளம், சுடும் தூரம் எல்லாம் எழுதியிருந்தது. ஒரு பீரங்கிக்கு முன்னால் அண்ணன் நின்றவன் நின்றவன்தான். அதில் அதே மாதிரி ஒரு இரும்பு இருக்கை இருந்தது.

"சண்டை முனையிலேர்ந்து ரிப்பேருக்கு வர்றதை முதல்ல கழுவணும்" என்றான், என் பக்கம் திரும்பாமலே. "புதுசா சேர்ந்த ஆளுக்கு அதுதான் வேலை. நான் போய்ச் சேர்ந்த அன்னிக்கே ஒரு வாளித் தண்ணியும் பிரஷ்ஷும் குடுத்தாங்க. இந்த சீட்டைக் கழுவிட்டுத்தான் ஸ்பானரையே தொடுவோம்."

எதைக் கழுவினாய் என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் இதை யாரிடமும் சொன்னதில்லை. "அம்மாகிட்ட ஏண்ணா சொல்லலை?" என்றுதான் கேட்க முடிந்தது.

"நல்ல இடமாப் பார்த்து அனுப்பினேன்னு வீதி பூராச் சொல்லிட்டிருந்தா. அதை எதுக்குக் கெடுக்கணும்?"

நான் இப்போது தில்லை நகரில் மகள் வீட்டில் இருக்கிறேன். நான் பாவாடை கட்டிய காலத்தில் இந்த இடம் வெறும் வயல். கண்காட்சி நடந்த மைதானத்தை மகளுக்குக் காட்டலாமென்று ஆட்டோவில் கூட்டிப்போனால், கடைகளாகவும் மாடி வீடுகளாகவும் நெருக்கியடித்து நிற்கிறது. எந்த மூலையில் பீரங்கி நின்றது என்று என்னால் காட்ட முடியவில்லை. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, என்னைப் பாப்பா என்று கூப்பிட ஊரில் ஒருவரும் பாக்கி இல்லை. ஆனாலும் அம்மா அன்றைக்கு எடுத்த முடிவு சரியா என்று யார் கேட்டாலும் தயங்காமல் சரி என்பேன். எவன் எவனோ உட்கார்ந்த இருக்கைகளை என் அண்ணன் கழுவினான். என் அண்ணன் உட்கார்ந்த இருக்கையை யாரும் கழுவ வேண்டியிருக்கவில்லை.