நாற்பத்திரண்டு மரங்களும் ஒரு கைக்கண்ணாடியும்

எங்கள் ஸ்டேஷனில் இறங்கி என் தங்கையின் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘கத்திரி’ என்று கேட்டால் கடை வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். ஆண், பெண், குழந்தை என்று எல்லோருக்கும் முடி வெட்டுகிறாள். கடையில் இரண்டு நாற்காலி, மூன்று கண்ணாடி, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். சுவரில் பழைய பள்ளிக்கூடப் படம் ஒன்று. அதில் மூன்றாவது வரிசையில், நெற்றி முழுக்க வெளியே தெரிய நிற்பவன் நான்.

படம் எடுப்பதற்கு முதல் நாள் எனக்கு முடி வெட்டியவள் அவள்தான். அவளுக்கு ஒன்பது வயது, எனக்குப் பதின்மூன்று. தலையை நன்றாக நனைத்து, புருவத்துக்கு நேராக அளவு பார்த்துத்தான் வெட்டினாள். நனைந்திருந்தவரை சரியாகவே இருந்தது. காய்ந்ததும் முடி சுருண்டு நடு நெற்றிக்கு ஏறிவிட்டது. அம்மா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தங்கை மட்டும் சிரிக்கவில்லை. என் தலையை மறுபடி நனைத்தாள், துவட்டினாள், காயவைத்தாள், ஸ்கேலை வைத்து அளந்தாள். “ஒண்ணரை விரல் ஏறுதுண்ணே” என்றாள். அவளுடைய தொழில் அன்றைக்கே முடிவாகிவிட்டது என்று நான் எல்லோரிடமும் சொல்வேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் எடை போடுகிறேன். நேரத்தையும் எடையையும் குறித்துப் பழகிய கை. ஆகவே இதில் வரும் கணக்குகளை நம்பலாம்.

ஊருக்குக் கிழக்கே ஒரு குன்று. அதன் உச்சியில் முந்நூறு வருஷத்துக் காவல் கோபுரம், நூற்றுப் பதினான்கு படி. சாவி வைத்திருக்கும் அம்மாளை ஊரே ‘நூத்திப்பதினாலு’ என்றுதான் கூப்பிடும். கோபுரத்தைச் சுற்றிச் சரிவெல்லாம் காடு. காலையில் நடக்கிறவர்கள், பரீட்சைக்குப் படிக்கிறவர்கள், வீட்டில் கோபித்துக்கொண்டு வந்து உட்காருகிறவர்கள் என்று ஆளுக்கொரு மரம் உண்டு. செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு. அன்று என் தங்கை மடக்கு நாற்காலியோடு அங்கே போய், வருகிறவர்களுக்கு நிழலில் வைத்து வெட்டுவாள். “இங்க கூட்டுற வேலையே இல்ல. கூடு கட்டக் குருவி அள்ளிட்டுப் போயிடும்” என்பாள்.

மரங்கள் வளர்ந்து வளர்ந்து, ஸ்டேஷன் வாசலில் நின்றால் கோபுரம் தெரியாமல் போய்விட்டது. வெளியூர்க்காரர்கள் கோபுரம் பார்க்க இறங்கி, அது எங்கே என்று என்னிடமே வழி கேட்பார்கள். நகரசபைத் தலைவருக்கு அது பெரிய மனக்குறை. மேற்குச் சரிவில் நாற்பத்திரண்டு மரங்களில் வெள்ளைப் பெயிண்டால் பெருக்கல் குறி போடச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை வெட்ட ஆள் வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய வியாழக்கிழமை, பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் போட்டு அறிவித்தார்.

பின்வரிசையிலிருந்து என் தங்கை எழுந்தாள்.

“தலைவரே, முன்னாடி முடி கண்ணுல விழுதுன்னு மாசாமாசம் என்கிட்ட வர்றீங்க. நான் என்ன, மொட்டையா அடிச்சு விடுறேன்?”

மண்டபம் சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டார். “எனக்குக் கோபுரம் தெரியணும் கத்திரி, அவ்வளவுதான். அதுக்கு வழி சொல்லு.”

“ஞாயித்துக்கிழமை ஒரு நாள் குடுங்க. ஒரு மரம்கூட சாயாது. ஸ்டேஷன் வாசல்ல நின்னா உச்சி ஜன்னல் தெரியும்.”

“தெரியலேன்னா?”

“திங்கக்கிழமை முதல் மரத்துல நானே கோடாலி வைக்கிறேன்.”

சிரிப்பு அடங்கிவிட்டது. தலைவர் ஞாயிறு மாலை ஆறு மணிவரை அவகாசம் கொடுத்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நான் புலம்பினேன். “ஏன் இப்படி வாயக் குடுத்து மாட்டிக்கிட்ட?”

“யாரு மாட்டினது? நீ கீழ நில்லு, நான் மேல நிக்கிறேன். கண்ணாடி இருக்கு” என்றாள்.

அவள் யோசனை இதுதான். நான் ஸ்டேஷன் வாசலில் சிவப்புத் துணியைப் பிடித்தபடி நிற்க வேண்டும். அவள் கோபுரத்து ஜன்னலிலிருந்து அந்தத் துணி இருக்கும் இடத்தைப் பார்த்து, குறுக்கே வரும் கிளை எது என்று பார்ப்பாள். அதை லைன்மேன் ஏறி வெட்டுவார். கரண்ட் கம்பத்தில் ஏறி இறங்கியே வயதானவர், அவளுடைய கடைக்குப் பழைய வாடிக்கை. வழி திறந்ததும் அவள் கடைக் கைக்கண்ணாடியை வெயிலில் காட்டுவாள். கீழே மூன்று முறை பளிச்சென்று தெரிய வேண்டும். மூன்று என்பதுதான் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. நண்பகல்வரை விடவில்லை. 12.10க்குத்தான் லைன்மேன் முதல் மரத்தில் ஏறினார். வாசலில் நான் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு அதற்குள் நின்றேன். ஒரு மணிக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். மூன்று மணிக்குள் டிக்கெட் கவுன்ட்டர் பக்கம் போகவே வழியில்லை. மேலே காட்டில் இன்னும் கூட்டமாம். வெட்டி விழுவதைப் பொறுக்கவே இருபது பேர் என்று போனில் சொன்னாள்.

குறி போட்டவை நாற்பத்திரண்டு மரங்கள். உண்மையில் பார்வைக்குக் குறுக்கே நின்றவை மூன்றே மரங்கள். அது தெரிந்ததும் கூட்டத்துக்குப் புது உற்சாகம் வந்துவிட்டது.

மூன்றரைக்கு வெயில் எட்டிப் பார்த்தது. 3.40க்குக் குன்றின்மேல் ஒரு பளிச். வாசலே அதிர்ந்தது. ஆட்டோக்காரர் ஒருவர் ஹாரனை அழுத்தியபடியே இருந்தார்.

“ஒண்ணுதான் வந்துச்சு. மூணுன்னு பேச்சு” என்றேன்.

“கூடப்பிறந்தவளுக்கே கிராம் கணக்கு பார்க்கிற ஆளய்யா இவர்” என்றார் ஆட்டோக்காரர்.

போன் போட்டேன். “நான் இன்னும் கண்ணாடியைத் தொடவே இல்லண்ணே. லைன்மேன் வாட்ச்சா இருக்கும்” என்றாள். ஹாரன் நின்றது.

4.25க்கு ஒரே ஒரு கிளை மிச்சம். நடு மரத்தில், ஆள் தொடைப் பருமனில், சரியாக ஜன்னலுக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அடியோடு அறுத்தால் மரம் ஒரு பக்கமாகிவிடும், அடுத்த காற்றுக்குத் தாங்காது என்று லைன்மேன் சொன்னார். ஆனாலும் வேறு வழியில்லை என்று அவரே ரம்பத்தை வைத்துவிட்டார். போன் என் காதில் இருந்தது. மறுமுனையில் அவள் கீழே குரல் கொடுத்தது கேட்டது.

“அண்ணாச்சி, ரம்பத்தை எடுங்க. இறங்குங்க. இனிமே வெட்ட வேண்டாம்.”

“என்னம்மா பண்ணப்போற?”

“காயட்டும்.”

நான் போனில் கத்தினேன். “என்ன காயட்டும்? நேரம் ஓடுது. அது ஒண்ணுதானே மிச்சம்?”

“காலையிலேருந்து நனைஞ்சு, இலையெல்லாம் தண்ணி சுமந்து தொங்குதுண்ணே. காஞ்சா ஏறும்.”

“ஏறலேன்னா?”

“கடையில உன் போட்டோ இருக்கு. போய்ப் பாரு.” வைத்துவிட்டாள்.

அவள் காத்திருக்கிறாள் என்று கூட்டத்துக்குச் சொன்னேன். யாருக்கும் புரியவில்லை. “மரத்துக்கு டிரையர் போடப் போறாளா?” என்று ஒருவர் கேட்டார். தலைவர் என் பக்கத்தில் வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணி. ஐந்து இருபது. வெயில் ஸ்டேஷன் கூரையைத் தாண்டிச் சாய்ந்துகொண்டிருந்தது. இன்னும் அரை மணியில் கண்ணாடியில் காட்ட வெயிலே இருக்காது. காற்று மட்டும் நன்றாக வீசியது. துணியைப் பிடித்த கை மரத்துவிட்டது, நான் மாற்றவில்லை.

5.38. ஒரு பளிச். இரண்டு. பிறகு ஒன்றும் இல்லை. காற்றில் கிளை தாழ்ந்திருக்க வேண்டும். மனதுக்குள் நான்குவரை எண்ணினேன். மூன்றாவது பளிச்.

அதற்குப் பிறகு வாசலில் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. ஹாரன் மட்டும் கேட்டது. நான் வட்டத்திலிருந்து விலகித் தலைவரை அதில் நிற்கச் சொன்னேன். நின்றார். கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தார். பச்சைக்கு நடுவே கறுப்பாகச் சின்ன ஜன்னல், அதில் யாரோ கை ஆட்டுவது. “அது நம்ம நூத்திப்பதினாலு அம்மா” என்றார் மெதுவாக. “பக்கத்துல உங்க தங்கச்சி.”

5.45 வண்டி வந்தது. இறங்கியவர்கள் எல்லோரும், இவ்வளவு பேர் எதைப் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர்கூட என்னிடம் வழி கேட்கவில்லை.

வெட்டியது எவ்வளவு என்று மறுநாள் பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். கிளைகளையெல்லாம் கட்டிக் கொண்டுவரச் சொல்லித் தராசில் வைத்தேன். அறுபத்து நான்கு கிலோ முந்நூறு கிராம், ஈரத்தோடு. ஈரத்துக்கு நான் எதுவும் கழிக்கவில்லை.

திங்கட்கிழமை கோடாலிக்கு வேலை இல்லை. தங்கை கம்பிப் பிரஷும் வாளியும் எடுத்துக்கொண்டு பெருக்கல் குறிகளைத் தேய்த்து அழிக்கப் போனாள். தலைவரும் கூடப் போய் ஏழு மரங்களைத் தேய்த்தார். அப்படியே அவளோடு கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நானும் அங்கேதான் இருந்தேன்.

“முன்னாடி கொஞ்சம் எடும்மா.”

அவள் தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்தாள். தலைவர் சுவரிலிருந்த என் படத்தைப் பார்த்தார்.

“நனைக்காத. காஞ்ச தலையிலேயே வெட்டு” என்றார்.