என் இட்லிப் பொடி வெடிக்காதுங்க

பொடி வியாபாரத்தில் மிளகாய் வறுக்கும்போது வரும் தும்மலைக்கூட அடக்கிவிடலாம். வாங்குகிறவர் காசை ஒழுங்காக உள்ளே வரவழைப்பதில்தான் உண்மையான நெடி இருக்கிறது. வீட்டிலிருந்தே கடை நடத்தி, வெப்சைட்டிலேயே காசை வசூலித்துக் கணக்கில் போடும் ஒரு 'பேமென்ட் கேட்வே' வாங்க அல்லாடிக்கொண்டிருக்கும் சக பாவிகளே, வாருங்கள்.

நான் திண்டுக்கல்லில் ஒரு கான்வென்ட் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்தவள். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, பிரியாணி மசாலா விற்பதற்காகச் சம்பளமில்லாத லீவு போட்டேன். "தீபாவளிக்குள்ள முடிவு சொல்லுங்க ஸ்டெல்லா, இல்லன்னா வேற ஆளைப் போட்டுருவேன்" என்று தலைமை ஆசிரியை சிஸ்டர் கெடு வைத்தார். அதற்குள் வெப்சைட்டில் வெளியூர் ஆர்டர் விழுந்தால் நான் முதலாளி. விழாவிட்டால் மறுபடி பள்ளிக்கூட பெல்தான். எனக்கு என் பொடி மேல் சந்தேகமே கிடையாது. விழும் என்றுதான் இருந்தேன்.

தக்காளிக்குப் போட்ட காசு

கேட்வே வருவதற்கு முன்னால் எல்லாம் வாட்ஸ்அப்தான். போனில் காசு போட்டுவிட்டு ஸ்கிரீன் ஷாட் அனுப்புவார்கள். எந்தக் காசு யாருடையது என்று பார்ப்பதே என் வீட்டுக்காரர் பீட்டருக்கு முழுநேர வேலை. ஒட்டன்சத்திரத்தில் காய் மண்டி வைத்திருக்கும் ஒரு அண்ணன் பருப்புப் பொடி கேட்டார், ஸ்கிரீன் ஷாட்டும் வந்தது. பார்த்தால் யாரோ ஒரு விவசாயிக்குத் தக்காளிக்காகப் போட்ட காசு!

"அண்ணே, இது எனக்கு வந்த காசு இல்லண்ணே" என்றேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "ஏனுங்க, எல்லாமே பச்சை டிக்குதானுங்க, அதுல உங்களுது எது, தக்காளிக்காரருது எதுன்னு நான் எப்படிங்க பாக்கறது?"

போனை எடுத்தால் போதும்

வெப்சைட் போட்டுக் கொடுத்த பிரபு மூன்று கேட்வே கம்பெனிகளைக் காட்டினான். ஒன்றில் கமிஷன் ரொம்பக் குறைவு. இன்னொன்றில் சேருவதற்குக் கட்டணமே இல்லை. மூன்றாவது கொஞ்சம் கூடுதல். "குறைஞ்சதை எடுத்துக்கங்கக்கா" என்றான். நான் விடுவேனா? கத்தரிக்காயையே அமுக்கிப் பார்க்காமல் கூடையில் போடாதவள் நான். மூன்று பேருக்கும் போன் போட்டேன்.

முதல் கம்பெனியில் பாட்டு ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டாவதில் ஒருவர் இந்தியில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மூன்றாவதில் திவ்யா என்ற பெண் எடுத்து, என் இங்கிலீஷைச் செத்த நேரம் பொறுத்துக் கேட்டுவிட்டு, "மேடம், தமிழ்லயே சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான், முடிவு பண்ணிவிட்டேன். நாளைக்கு ஒருத்தர் காசு நடுவழியில் மாட்டிக்கொண்டால் நான் பாட்டையா கேட்டுக்கொண்டிருக்க முடியும்? இது பீட்டருக்குப் பொறுக்கவில்லை. "போனை எடுத்ததுக்கா கூடக் கமிஷன்? நானே எடுக்குறேன், எனக்குக் குடு!"

வெடிமருந்து

விண்ணப்பம் போட்டாச்சு. நாலு நாள் கழித்து மெயில் வந்தது: உங்கள் கடையில் தடை செய்யப்பட்ட பொருள் விற்கப்படுகிறது, ஆயுதம் மற்றும் வெடிமருந்து வகை, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. ஐயய்யோ! தீபாவளி நெருங்கிவிட்டது, என்னிடம் ஒரு மத்தாப்பூகூடக் கிடையாது.

வெப்சைட்டைத் திறந்து பார்த்தால் எல்லாம் பிரபுவின் கைவரிசை. பெங்களூர் ஓட்டல்களில் இட்லிப் பொடியை இங்கிலீஷில் 'கன் பவுடர்' என்று ஸ்டைலாகப் போடுவார்களாம். அவனும் அப்படியே போட்டுவிட்டான். "ஏலே பிரபு, அரைக் கிலோ வெடிமருந்து, கூரியர் இலவசம்னு போட்டு வச்சிருக்கியே, போலீஸ் வந்தா நீயா போவ?" என்று பிடித்து உலுக்கிவிட்டேன். உடனே 'இட்லிப் பொடி' என்று மாற்ற வைத்துவிட்டு, திவ்யாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் விண்ணப்பத்தை மறுபடி உள்ளே அனுப்பிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "சாரி மேடம், எங்க சிஸ்டத்துக்கு இட்லி தெரியாது, துப்பாக்கி மட்டும்தான் தெரியும்."

ஆரோக்கியசாமி சார் இருக்காரா?

அதோடு விட்டதா? முதல் பெயர், கடைசிப் பெயர் என்று விண்ணப்பத்தில் தனித்தனியாகக் கேட்டிருந்தார்கள். நமக்கு ஏது கடைசிப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பா பெயரை எழுதி வைத்தேன். சரிபார்க்கிறவர்கள் கூப்பிட்டு, "மிஸ்டர் ஆரோக்கியசாமி இருக்காரா? ஓனர்கிட்டதான் பேசணும்" என்கிறார்கள்! "அது எங்கப்பா, சேவுகம்பட்டியில மிளகாய்ச் செடிக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருக்காரு. ஓனர் நான்தான்" என்று எத்தனை தடவை சொன்னாலும் ஏறவில்லை. கடைசியில் திவ்யாதான் குறுக்கே புகுந்து, தமிழ்நாட்டில் இனிஷியல் என்றால் என்ன என்று அவர்களுக்குப் பாடம் எடுத்தாள்.

அப்பாவிடம் இதைச் சொன்னால், அவர் பங்குக்கு ஒன்று: "ஓனர் நானாம்ல? அப்பப் பொடியில உப்பைச் செத்தக் கொறை தாயி."

டிங்

தீபாவளிக்கு முந்தின வாரம் கேட்வே திறந்தது. ஒரு நாள் முழுக்கச் சத்தமே இல்லை. போனை நானும் பீட்டரும் மாறி மாறிப் பார்த்தோம். என் தைரியம்கூட லேசாக ஆட்டம் கண்டது, உங்களிடம் சொல்வதற்கென்ன. மறுநாள் காலை 'டிங்' என்றது, முதல் ஆர்டர். அப்புறம் கோயம்புத்தூர், சென்னை, பெங்களூர் என்று ஒவ்வொன்றாக விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய் வறுக்காமலே!

அன்றைக்குச் சாயங்காலம் நானே சிஸ்டருக்குப் போன் போட்டு, "மன்னிச்சுக்கங்க சிஸ்டர், நான் இனிமே வரலை" என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "தெரியும் ஸ்டெல்லா. காலையில முதல்ல ரெண்டு பாக்கெட் ஆர்டர் போட்டது நான்தான். காசு டக்குனு போயிருச்சு, அப்பவே வேற ஆளுக்குச் சொல்லிவிட்டுட்டேன்."

ஒரு கேட்வேயைத் திறக்க நான் பட்ட பாடு இம்புட்டு. பள்ளிக்கூட கேட்டைச் சாத்த சிஸ்டருக்கு ரெண்டு பாக்கெட் பொடியே போதுமானதாக இருந்தது.